மாநாட்டில் கோடிங் வகுப்பு, தட்டில் வீகன் சாப்பாடு: புறப்படுவதிலிருந்து திரும்புவது வரை முழு வழிகாட்டி

ஒரு மாநாட்டில் மதியம் ஒன்றரை மணிக்கு என் பயிலரங்கு. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மூடியில் என் பெயர், அதற்குக் கீழே 'வீகன்' என்று அழகாக அச்சிட்ட ஸ்டிக்கர். இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டைகூட இல்லாத சாப்பாடு என்று அர்த்தம். திறந்தால் ஓர் ஆப்பிள், கொஞ்சம் பச்சை இலை, இலைக்கு மேல் துருவிய சீஸ். சீஸ் படாத இலைகளையும் ஆப்பிளையும் தின்றுவிட்டு வகுப்புக்குப் போனேன். மூன்று மணி வாக்கில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் என் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி, ஒரு சுற்று குறைவாக ஓடியது. வருடக்கணக்காக நானே மற்றவர்களுக்கு விளக்கும் பிழை அது. அன்றைக்கு எனக்கே பிடிபடவில்லை. முன்வரிசையில் இருந்த பெண் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதே நாளில் இன்னொரு சங்கடமும் இருந்தது. வகுப்பு அறிவிப்பில் 'அடிப்படை நிரலாக்கம் தெரிந்தால் போதும்' என்று எழுதியிருந்தேன். வந்தவர்களில் பலர் டெர்மினலை, அதாவது கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையை, திறந்துகூடப் பார்த்ததில்லை. அவர்கள் பொய் சொல்லி வரவில்லை. நாலு வீடியோ பார்த்தவருக்கு அதுதான் அடிப்படை. கேட்டரிங்காரரும் என்னை ஏமாற்றவில்லை. இறைச்சி இல்லையென்றால் அவர் கணக்கில் அது வீகன். இரண்டு இடத்திலும் ஒற்றைச் சொல் போதும் என்று நம்பியது நான்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, அந்தச் சொற்களுக்குப் பதில் என்ன எழுதுவது என்பதைப் பற்றியது. மீதிப் பாதி, பசியோடு மேடை ஏறாமல் இருப்பது.

படி 1: புரோபோசல் எழுதும்போது

மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே புரோபோசல், அதாவது என்ன வகுப்பு எடுக்கப்போகிறோம் என்ற விண்ணப்பம், கேட்டுவிடுவார்கள். அதில் 'யாருக்கான வகுப்பு' என்ற கட்டத்தில் 'தொடக்க நிலை', 'இடைநிலை' என்று எழுதிவிட்டு நகராதீர்கள். வாசிப்பவர் தன்னையே சோதித்துப் பார்க்கும்படி எழுதுங்கள். நான் இப்போது எழுதுவது இப்படி: 'ஒரு பட்டியலில் உள்ள எண்களை லூப் போட்டுக் கூட்டியிருக்கிறீர்களா? ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை வேறோர் இடத்திலிருந்து அழைத்திருக்கிறீர்களா? டெர்மினலில் ஒரு ஃபோல்டருக்குள் போய் ஒரு நிரலை ஓட்டத் தெரியுமா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் வாருங்கள்.' இப்படி எழுதிய பிறகு கூட்டம் கொஞ்சம் குறைந்தது. வகுப்பு நிறைய மேம்பட்டது.

தேர்வானதும் வரும் பதிவுப் படிவத்தில் உணவுக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அங்கேயும் இதே வேலைதான். 'வீகன்' என்ற சொல்லை 1944இல் இங்கிலாந்தில் வீகன் சொசைட்டியைத் தொடங்கிய டொனால்ட் வாட்சனும் அவருடைய சகாக்களும் உருவாக்கினார்கள். தமிழில் நனிசைவம் என்கிறோம். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் நம் காதிலேயே பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்து விழும். 'வெஜிடேரியன்' என்றால் பல இடங்களில் முட்டையும் சேர்ந்துகொள்ளும், சில சமயம் மீன்கூட. அதனால் நான் படிவத்தில் ஒட்டுவது: 'இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், சீஸ், தேன் வேண்டாம். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பருப்பு, பீன்ஸ், கொண்டைக்கடலை, டோஃபு, கொட்டைகள், காய், பழம், தாவர எண்ணெய் எல்லாம் சாப்பிடுவேன்.'

இரண்டாவது வாக்கியம்தான் வேலை செய்யும் வாக்கியம். வேண்டாதவற்றை மட்டும் சொன்னால் சமையல்காரர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சிய இலையைப் பெட்டியில் வைப்பார். மாணவரிடம் 'இப்படி எழுதாதே' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர் கோடும் அப்படித்தான் வெறுமையாக நிற்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். 'ஒவ்வாமை என்று எழுதிவிடு, ஓடி வந்து கவனிப்பார்கள்' என்று யோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். ஒவ்வாமை என்றால் அடுக்களையில் பாத்திரம், கரண்டி, பலகை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் நீங்கள் பால் கலந்திருக்கலாம் என்று தெரிந்தும் பிஸ்கட்டை எடுப்பதை அவர்கள் பார்த்தால், அடுத்து வரும் உண்மையான ஒவ்வாமைக்காரரை யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 2: பாடத்தை வெட்டுங்கள்

புதிதாகச் சொல்லித்தருபவர்கள் அதிகம் இடறும் இடம் இது. மூன்று மணி நேரம் என்றதும் மூன்று மணி நேரத்துக்கும் பாடம் தயாரிப்பார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் 180 நிமிடம். இடைவேளை 20. நிறுவல் சிக்கல்களுக்கு 20, எவ்வளவு முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாலும். தொடக்கத்துக்கு 10, முடிவில் கேள்விகளுக்கு 10. மிச்சம் 120. ஒரு கருத்தை விளக்க 15 நிமிடம், கூடவே பயிற்சிக்கு 10 நிமிடம் என்று வைத்தால் ஏறத்தாழ நாலே முக்கால் கருத்து. அதாவது நான்கு. ஐந்தாவதைத் தயாராக வைத்திருங்கள், ஆனால் அதைச் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்ப மனதையும் தயாராக வைத்திருங்கள்.

நான்கு என்பது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடிய புதிய விஷயங்கள் ஏறத்தாழ 7 என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். இன்னோர் உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் அதை ஆராய்ந்து, உண்மையில் 4 அளவுதான் என்றார். உங்களுக்கு 'ஒரு லூப்' என்பது ஒரே பொருள். புதியவருக்கு அதில் மதிப்பை வைத்திருக்கும் மாறியின் பெயர், முக்காற்புள்ளி, உள்தள்ளல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நான்கு தனித்தனிப் பொருள்கள். ஒரு லூப்பிலேயே அவருடைய இடம் நிரம்பிவிடுகிறது.

பயிற்சிகளில் பாதியாவது எழுதச் சொல்லாத பயிற்சியாக இருக்கட்டும். எனக்கு மிகப் பிடித்தது பார்சன்ஸ் புதிர். டேல் பார்சன்ஸ், பட்ரிசியா ஹேடன் இருவரும் 2006இல் அறிமுகப்படுத்தியது. சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்வது, அவ்வளவுதான். தட்டச்சுப் பிழையில் நேரம் போகாது, யோசனை முழுக்க வரிசையில் நிற்கும். இவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கீற்றாக வெட்டி, ஒரு செட்டுக்கு ஓர் உறை என்று கொண்டுபோங்கள். வைஃபை படுத்துவிட்ட ஒரு மாநாட்டில் முதல் ஒரு மணி நேரத்தை எனக்குக் காப்பாற்றித் தந்தவை இந்த உறைகள்தான்.

படி 3: இரண்டு மின்னஞ்சல்கள்

இரண்டு வாரம் முன்பு இரண்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

முதலாவது, பங்கேற்பாளர்களுக்கு. நிறுவல் படிகளை எழுதுங்கள், ஆனால் 'நிறுவிக்கொண்டு வாருங்கள்' என்று முடிக்காதீர்கள். நிறுவியதாக எல்லாரும்தான் நினைப்பார்கள். ஐந்து வரியில் ஒரு சோதனை நிரல் இணைத்து, 'இதை ஓட்டினால் திரையில் தயார் என்ற சொல்லும் ஓர் எண்ணும் வரும். அந்த எண்ணை எனக்குப் பதிலாக அனுப்புங்கள்' என்று எழுதுங்கள். எண் வராதவர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். வகுப்பில் பயன்படுத்தும் எல்லா லைப்ரரிகளையும் (முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக. மேக்கில் பழைய இன்டெல் சிப்புக்கும் புதிய ஆப்பிள் சிப்புக்கும் கோப்புகள் வேறாக இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, ஒருங்கிணைப்பாளருக்கு. அறையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். தனித்தனியாக அனுப்பினால் சாப்பாட்டு மின்னஞ்சல்தான் கிடப்பில் போகும். மேசை உண்டா, வெறும் நாற்காலி வரிசையா? எத்தனை பிளக் பாயின்ட்? ப்ரொஜெக்டரில் எந்த இணைப்பு? அதற்குக் கீழே: என் வகுப்பு நாளில் சாப்பாடு எத்தனை மணிக்கு? பஃபேயா, பெட்டியா? ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் உள்ளடக்கம் எழுதி வைப்பார்களா? கேட்டரிங்காரரிடம் நான் நேரடியாகப் பேசலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பதிவுப் படிவத்தில் நீங்கள் எழுதியது ஒரு விரிதாளுக்குப் போய், அங்கிருந்து 'வீகன்: 6' என்ற எண்ணாகச் சுருங்கித்தான் அடுக்களைக்குப் போய்ச் சேரும். உங்கள் அருமையான இரண்டாவது வாக்கியம் வழியிலேயே விழுந்துவிடும். சமைப்பவரிடம் இரண்டு நிமிடம் பேச முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. பேசியபோதெல்லாம் நான் பார்த்தது, அவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரிவதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல்தான் இலையை வைக்கிறார்கள்.

படி 4: விமானமும் பையும்

விமானத்தில் போவதாக இருந்தால் சிறப்பு உணவை முன்கூட்டியே பதிய வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் 24 மணி நேரம் முன்பு வரை ஏற்கும், சிலவற்றில் 48. கேட்க வேண்டிய குறியீடு வி.ஜி.எம்.எல். அதுதான் வீகன். வி.எல்.எம்.எல் என்றால் பாலும் முட்டையும் உண்டு. ஏ.வி.எம்.எல் என்பது ஆசிய பாணி சைவம், அதில் பால் பொருள் வரும். பட்டியலில் பெயர்கள் ஒன்றுபோலத் தெரிவதால் அவசரத்தில் மாறிப்போகும். டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், ஓட்டுவது இன்னொன்று என்றால் ஓட்டுகிறவரிடம் சரிபாருங்கள். பயணத் தேதியை மாற்றினால் உணவுப் பதிவு தானாகக் கூடவே வராமல் போகலாம், அதையும் திரும்பப் பாருங்கள்.

பையில் என்ன? நான் வைப்பது வறுத்த கொண்டைக்கடலை, கொட்டைகள், பேரீச்சை, ஓட்ஸ் பொட்டலங்கள், நாலைந்து எனர்ஜி பார், ஒரு மடக்குக் கரண்டி, மூடி போட்ட டப்பா. 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி போட்டால் வகுப்பை ஓட்டிவிடலாம். நிலக்கடலை வெண்ணெயைக் கைப்பையில் வைக்காதீர்கள். பல விமான நிலையங்களில் அதைத் திரவம்போலக் கணக்கிட்டு, 100 மில்லிக்கு மேல் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். புதுப்பாட்டிலோடு ஒருமுறை விடைபெற்றிருக்கிறேன். பச்சைப் பழங்களையும் விதைகளையும் பல நாடுகள் எல்லையில் தடுக்கும், அவற்றை இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கொட்டைகளை வகுப்பறையில் மட்டும் திறக்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் யாருக்கு ஒவ்வாமை என்று உங்களுக்குத் தெரியாது.

வைட்டமின் பி12 மாத்திரையை மறந்துவிடாதீர்கள். தாவர உணவில் அதை நம்பிப் பெற வழியில்லை. பி12 சேர்க்கப்பட்ட உணவு தினமும் கிடைக்காவிட்டால் தினம் 10 மைக்ரோகிராம், இல்லையென்றால் வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது வீகன் சொசைட்டியின் பரிந்துரை. பயண வாரத்தில் வாராந்திர மாத்திரை வசதியானது. ஏதாவது நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாதனப் பக்கம் சுருக்கமாக: ப்ரொஜெக்டருக்கான அடாப்டர் இரண்டு, எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று, பென் டிரைவ் மூன்று, இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கட்டுகள். எதற்கு இரண்டு நிறம் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 5: முந்தைய நாள் மாலை

போய் இறங்கியதும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட வேண்டும்: வகுப்பறையும் பக்கத்து மளிகைக்கடையும்.

வகுப்பறையில் லேப்டாப்பை இணைத்துக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். எழுத்து தெரிகிறதா? நான் குறைந்தது 24 அளவில் வைப்பேன். வெளிச்சமான அறையில் கருப்புப் பின்னணி எடுபடாது, வெள்ளைக்கு மாற்றுங்கள். உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும்: முன்னால் இருப்பவர்களின் தலைகள் திரையின் கீழ்ப்பகுதியை மறைக்கும். அதனால் எழுதுவதெல்லாம் மேலே மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். எடிட்டர் தானாகச் சொற்களை நிரப்புவதையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் இரண்டு எழுத்து அடித்ததும் முழு வரி வந்து விழுந்தால் பார்ப்பவர் எதைத்தான் பின்தொடர்வார்?

மளிகைக்கடையில் லேபிள் படிக்க வேண்டும். பல நாடுகளில் பால், முட்டை, மீன் போன்றவற்றை ஒவ்வாமைப் பொருள்கள் என்று உள்ளடக்கப் பட்டியலில் தடித்த எழுத்தில் காட்டுவார்கள். முதலில் அதைத் தேடுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அங்கே தடித்த எழுத்து இல்லையென்பதாலேயே வீகன் ஆகிவிடாது. ஜெலட்டினும் தேனும் இறைச்சிக் கொழுப்பும் அந்தப் பட்டியலில் வராது. சிவப்பு மிட்டாயில் இ120 என்ற சேர்க்கை எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம், இ904 என்றால் அரக்கு, அதுவும் பூச்சி தருவது. 'பால் இல்லாத' காபி வெள்ளைத்தூள் சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். சிப்ஸின் மசாலாத் தூளில் மோர்ப்பொடி வரும். உணவகம் தேட ஹேப்பிகவ் என்ற செயலி கைகொடுக்கும். 1999இல் இணையதளமாகத் தொடங்கியது. அதில் பார்த்தாலும் கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.

படி 6: வகுப்பு நாள் காலை

விடுதிக் காலை உணவில் ஓட்ஸைத் தண்ணீரில் போட்டுத் தரச் சொல்லலாம், பழம் இருக்கும், ரொட்டியில் பால் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். காளான், உருளைக்கிழங்கு எல்லாம் பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் வெண்ணெயில் வதக்கியவை. சூப்பில் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். காய்கறிக் கட்லெட்டில் ஒட்டுவதற்கு முட்டை சேர்ப்பதுண்டு. 'இது வீகனா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். 'இதை எதில் வதக்கினீர்கள்?' என்று கேளுங்கள். யாரும் யோசிக்காமல் தலையாட்ட முடியாத கேள்வி அது.

வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பாவது சாப்பிட்டு முடியுங்கள். எண்ணெயில் பொரித்தது நிறைய வேண்டாம்.

படி 7: வகுப்புக்குள்

ஸ்லைடு காட்டாமல், எல்லாரும் கூடவே அடிக்கும்படி நேரடியாகக் கோடு எழுதிக் காட்டுங்கள். இதைப் பெரிய அளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் 1998இல் அறிவியலாளர்களுக்காகத் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற நிரலாக்கப் பயிற்சித் திட்டம் முக்கியமானது. இரண்டு நிற ஒட்டுத்தாளும் அவர்களுடைய வழக்கம்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை, ஒரு சிவப்பு கொடுங்கள். முடித்தவர் லேப்டாப் மூடியில் பச்சையை ஒட்டுவார், சிக்கிக்கொண்டவர் சிவப்பை. கையைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய முடியாது. தூக்கவும் கூச்சம். தாளை ஒட்டக் கூச்சமில்லை. நீங்களும் அறையை ஒரு பார்வை பார்த்து வேகத்தை முடிவு செய்யலாம். எட்டுப் பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் இருந்தால் நல்லது.

புதிதாக ஒன்றைக் காட்டும் முன் என்ன நடக்கும் என்று கணிக்கச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு நிரந்தரக் கேள்வி உண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியில், விசைப்பலகையில் அடிப்பதை வாங்கும் இன்புட் வழியாக 3, 4 என்று இரண்டை வாங்கி, கூட்டல் குறி போட்டு அச்சிட்டால் என்ன வரும்? 7, 34, பிழைச் செய்தி: மூன்று தெரிவு. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விரல் காட்ட வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாட வேண்டும். மறுபடி விரல். அதன் பிறகுதான் ஓட்டிக் காட்டுவேன், 34 என்று வரும். விசைப்பலகையிலிருந்து வருவதெல்லாம் எழுத்துச்சரம், எழுத்துச்சரங்களைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்பதை அதற்குள் பாதிப்பேர் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். ஹார்வர்டில் இயற்பியல் சொல்லித்தந்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. முதல் வாக்கில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால்தான் பக்கத்தவர் விவாதம் பயன் தரும். அதற்குக் கீழே என்றால் நீங்கள் மறுபடி விளக்க வேண்டும், மேலே என்றால் தாண்டிப் போகலாம்.

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்தாலே நீளமான, யோசித்த பதில்கள் வருகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மேடையில் மூன்று நொடி என்பது ஒரு யுகம். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடிப்பேன். தொண்டைக்கும் நல்லது.

தவறு செய்யுங்கள், வேண்டுமென்றே. பிழைச் செய்தி வந்ததும் அதைச் சத்தமாகப் படியுங்கள். பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும் என்பதையே பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அழித்துவிடுவார்கள். அன்றைக்கு என் லூப் குறைவாக ஓடியபோது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இடைவேளையில் வந்த ஒட்டுத்தாள்களில் அதிகப்பேர் பாராட்டியிருந்தது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். பைத்தான் லூப்பில் ரேஞ்சுக்கு 1, 10 என்று கொடுத்தால் 9லேயே நின்றுவிடும் என்பதை அந்த அறையில் யாரும் இனி மறக்க மாட்டார்கள்.

மாணவரின் கீபோர்டைத் தொடாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும், எங்கே சொடுக்க வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். நீங்கள் அடித்துச் சரிசெய்தால் அவருக்குத் தெரியவருவது உங்களுக்கு அது தெரியும் என்பது மட்டுமே.

அப்புறம் இந்தச் சொற்கள்: 'ரொம்ப ஈஸி', 'சிம்பிள்தான்', 'அவ்வளவுதான்'. மேலே பார்சன்ஸ் புதிரைப் பற்றி எழுதும்போது நானே ஒன்றைப் போட்டிருக்கிறேன், அவ்வளவு பழகிப்போன சொல். ஈஸி என்று நீங்கள் சொன்னதும், புரியாதவர் கேள்வியை விழுங்கிவிடுவார். சாப்பாட்டு வரிசையில் 'அதான் சாலட் இருக்கே' என்று யாராவது சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அவருக்கும் இருக்கும்.

இடைவேளைக்கு விடும்போது இரண்டு தாளிலும் எழுதி வாங்குங்கள். பச்சையில் பிடித்த ஒன்று, சிவப்பில் குழப்பிய ஒன்று. ஒரு பாரை மென்றபடி சிவப்புகளைப் புரட்டினால் அடுத்த பாதியை எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இடைவேளைப் பிஸ்கட்டில் அநேகமாக வெண்ணெய் இருக்கும், ஓட்ஸ் பால் குடுவை காலியாகியிருக்கும். கையில் பார் இருக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

படி 8: மதிய வரிசை

பஃபேயில் வீகன் தட்டு எப்போதுமே சின்னது. 'பார்க்க நல்லாயிருக்கே' என்று எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். வேறு எதுவும் சாப்பிட முடியாதவர் கடைசியில் வந்து வெறும் தட்டைப் பார்ப்பார். அவர்மேலும் தப்பில்லை, இவர்கள்மேலும் தப்பில்லை. காலையிலேயே கேட்டரிங் மேற்பார்வையாளரைப் பார்த்து, உங்கள் பெயரில் ஒரு தட்டை மூடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பேச்சாளர் என்றால் தாராளமாகச் செய்வார்கள். வகுப்பு முடிந்ததும் கேள்வி கேட்க நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள், நீங்கள் வரிசைக்கு வரவே அரை மணி ஆகும் என்பதால் இது இன்னும் அவசியம். கேள்வி கேட்பவர்களையும் சாப்பாட்டு மேசைக்கே அழைத்துப் போய்விடலாம்.

படி 9: இரவு விருந்து

பேச்சாளர் விருந்துக்கு உணவகத்தை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். மெனுவை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, மதியம் மூன்று நான்கு மணி வாக்கில், கடை ஓய்வாக இருக்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்கு, நிறைந்த கடையில் பரிமாறுபவரை நிறுத்தி வைத்து விசாரிப்பது அவருக்கும் சிரமம், உங்கள் மேசைக்கும் சிரமம். எதுவும் தேறாது என்று தெரிந்தால் அறையில் சாப்பிட்டுவிட்டுப் போய் ஒரு பானத்தோடு உட்காருங்கள். பேசத்தானே போகிறோம். வைனையும் பியரையும் தெளியவைக்கச் சில இடங்களில் மீன் ஜெலட்டினும் முட்டை வெள்ளையும் பயன்படுத்துவதுண்டு. அந்த அளவு பார்ப்பவரானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

'புரதத்துக்கு என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். எனக்கு அது ஐந்நூறாவது முறையாக இருக்கலாம், கேட்பவருக்கு முதல் முறை. காலையில் 'மாறி என்றால் என்ன?' என்று கேட்டவரிடம் முகம் சுளிக்கவில்லையே. 'பருப்பு, பயறு, டோஃபு' என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு, அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பேன். மேலும் தெரிய விரும்புபவர் தானே திரும்பி வருவார். மற்றவர் தட்டைப் பற்றி நான் பேசுவதில்லை.

படி 10: திரும்பியதும்

அறைக்கு வந்ததும், தூங்கும் முன், இரண்டு பட்டியல் எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் மறந்துபோகும். முதலாவதில் பாடம்: எந்தக் கருத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் பயிற்சியில் சிவப்புத்தாள் குவிந்தது, நிறுவலில் புதிதாக என்ன சிக்கல் வந்தது. இரண்டாவதில் சாப்பாடு: பையில் எது மிஞ்சியது, எது முதல் நாளே தீர்ந்தது, கேட்ட எந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தது.

நன்றாகச் சமைத்தவர்களுக்கு நன்றி எழுதும்போது பெயர் சொல்லி, பண்டம் சொல்லி எழுதுங்கள், ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த வருடம் அதே பண்டம் வரும், வேறு யாரோ ஒரு வீகன் வயிறாரச் சாப்பிடுவார். சொதப்பியவர்களுக்கும் எழுதலாம், சாந்தமாக, என்ன வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்ற விவரத்தோடு.

என்னிடம் இரண்டு பட்டியலும் ஒரே கோப்பில் இருக்கின்றன. மேலே பாடத்துக்கான மூன்று கேள்விகள், கீழே சாப்பாட்டுக்கான இரண்டு வாக்கியங்கள். அடுத்த மாநாட்டின் படிவம் வந்ததும் திறந்து, நகலெடுத்து ஒட்ட வேண்டியதுதான்.